பகலில் மூடிய கண்கள்

பச்சோந்தி வீட்டுக்கு வந்து நூற்றிரண்டு மணி நேரம் ஆகிறது. தகரக் கூரையின் இடுக்கு வழியே நண்பகல் வெயில் கூண்டுக்குள் விழுகிறது. அந்த வெளிச்சத்திலும் அது கண்களை மூடியே இருக்கிறது. இரண்டு கண்களும் குழிந்து, பச்சை உடம்பு சாம்பல் நிறமாகியிருக்கிறது. அதைக் கொண்டுவந்த அன்றே தமதாவ் துறைமுகத்துக்கு லாரி ஓட்டிப் போன சொலொஃபு, இப்போதுதான் திரும்பி, தோள்பையைக்கூட இறக்காமல் குனிந்து பார்க்கிறான். பக்கத்து வீட்டில் நெல் குத்தும் சத்தம் ஒரே சீராகக் கேட்கிறது.

"தினமும் தண்ணி தெளிச்சியாக்கா?"

"தெளிச்சேன்டா. உன் ராசாவுக்குக் கஞ்சியும் காய்ச்சி ஊத்தணுமா?" அக்கா பக்கோலி வாசலைத் தாண்டி வரவில்லை. பச்சோந்தியை நேராகச் சுட்டாத ஊர் வழக்கப்படி, விரலை மடக்கிக் கூண்டைக் காட்டுகிறாள். "தூங்குது, விடேன்."

"பகல்ல தூங்காதுக்கா."

இலையில் நிற்கும் துளியை மட்டுமே குடிக்கிற பிராணி அது. கூண்டுக் கதவில் அவன் நாரால் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. அதை அவிழ்த்துக் கை நீட்டுகிறான். தொட்ட இலை நொறுங்கிக் கொட்டுகிறது. பச்சோந்தி அசையவில்லை. அவன் திரும்பி அக்காவைப் பார்க்கிறான்.

"அதுகிட்டப் போனாலே வீட்டுக்கு ஆகாதுடா," என்கிறாள் அவள், தரையைப் பார்த்தபடி. "ஒரு நாள்கூட நான் தண்ணி தெளிக்கல."