தாய்மாமன் மடி

அடிதடி வழக்கில் சிறைக்குப் பதிலாக மருதாசலத்தின் கணுக்காலில் பேசும் பட்டையைப் பூட்டியிருந்தார்கள். வாளையாறில் மாநில எல்லைக்கு வந்ததும் அது அதிர்ந்தது.

"அனுமதி இல்லை. தாண்டினால் மீதி இரண்டு ஆண்டும் சிறையில்."

எல்லைக்கு அப்பால் தெரிந்த கோயிலிலிருந்து தங்கை பூங்கோதை போனில் அழுதாள். "ஆசாரி வந்துட்டாருண்ணா. நீ வரலீன்னா, பாப்பாவ வேற ஆரு மடியிலயாச்சும் வெச்சுக் காது குத்திரலாங்கறாங்க."

"ஆரு மடியும் வேண்டாம் கண்ணு. நான் வந்துட்டேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டினான். பட்டை அலறத் தொடங்கியது.

மடியில் உட்கார்ந்து மருமகள் முதல் காதுக்கு வீறிட்டபோது, வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. ஆசாரியின் கை தயங்கியது.

மருதாசலம் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அவங்க நிக்கட்டுங்க ஆசாரி. இன்னொரு காது இருக்குது."