நான்கு மணிக்கு வருபவன்

இன்னும் மூன்று வசனம். அதன் பிறகு அவன் வந்துவிடுவான்.

கான்ஸ்டன்ஸ் கண்களை மூடிக்கொண்டாள். இமைகளுக்குள் பிற்பகல் வெயில் இளஞ்சிவப்பாகக் கசிந்தது. ஐம்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இருந்தும் இந்த இடத்தில் நெஞ்சு ஒருமுறை வேகமாக அடித்துத்தான் ஓய்கிறது.

"ஜெனரலோட ஜீப் சேத்துல மாட்டிக்கிச்சு, கர்னல்."

"தள்ளிவிட்டியா?"

"தள்ளிவிட்டேன் சார். இன்னும் கொஞ்சம் உள்ளே."

தொலைக்காட்சியில் சிரிப்பு அலையாக எழுந்து அடங்கியது. அது முழுக்க அடங்கும்வரை கான்ஸ்டன்ஸ் கண்ணைத் திறக்கவில்லை.

"பாத்தியா கென்ட்ரா, தான் நடிச்சதையே பார்க்காம தூங்குறா," என்றார் வெண்டல். "லெப்டினன்ட், எழுந்திரு. போர் முடிஞ்சிடுச்சு."

"நீங்க இருக்கிற வரைக்கும் எப்படி முடியும், கர்னல்?"

'ஏழாவது கூடாரம்' எட்டு வருடம் ஓடிய தொடர். ஒரு போர்முனை மருத்துவமனையும் அதன் கூத்துகளும்தான் கதை. ஒன்பது நடிகர்களில் மிஞ்சியிருப்பது இவர்கள் இருவர். தொடரை மறுபடி வெளியிடும் நிறுவனத்திலிருந்து கென்ட்ரா காலையிலேயே வந்துவிட்டாள். 'அன்றும் இன்றும்' படத்துக்காக, பழைய புகைப்படத்தில் இருப்பதுபோலவே இருவரையும் மடக்கு நாற்காலிகளில் உட்காரவைத்து எடுத்தாள். அன்று முப்பத்து நாலு வயது வெண்டலைக் கர்னலாக்க, தலையில் வெள்ளைப் பவுடர் பூசினார்கள். இன்று அதற்கு வேலை இல்லை.

"இப்ப அதே காட்சியைப் புது ஒலியோட பாருங்க," என்றாள் கென்ட்ரா.

மறுபடி கூடாரத் திரை விலகியது. மறுபடி, இன்று உயிரோடில்லாத ரஸல் உள்ளே வந்தான், கார்ப்பரல் தொப்பியும் அந்தக் கன்னக்குழியுமாக. ஜீப், சேறு, இன்னும் கொஞ்சம் உள்ளே. பிறகு வெறும் காற்று. கூடாரத் துணி படபடத்தது. எங்கோ ஒரு கரண்டி தட்டில் உரசியது.

வரவில்லை.

வெளியே ஜகராண்டா மரம் ஊதாப் பூக்களைச் சத்தமில்லாமல் உதிர்த்துக்கொண்டிருந்தது. உலகத்திலிருந்தே ஒலியை எடுத்துவிட்டார்களோ என்று ஒரு கணம் தோன்றியது கான்ஸ்டன்ஸுக்கு.

"இப்பதான் இது போர் மாதிரி இருக்கு," என்றார் வெண்டல். "ரஸல் எவ்வளவு நல்லா பண்ணியிருக்கான் பாரு. அந்த டப்பா சிரிப்பு எல்லாத்தையும் மூடி வெச்சிருந்தது. முதல் எபிசோடை ஒரு ஹால்ல நூறு பேருக்குப் போட்டுக் காட்டி, அவங்க சிரிச்சதைப் பதிவு பண்ணாங்க. அதையே எட்டு வருஷமும் வெட்டி வெட்டி ஒட்டினான் அந்த சவுண்டுக்காரன். எவன் சிரிப்போ, யாருக்குத் தெரியும்?"

கென்ட்ரா காகிதத்தையும் பேனாவையும் ஐஸ் டீ கோப்பையின் பக்கத்தில் வைத்தாள். "உயிரோட இருக்கிற நடிகர்கள் எல்லாரும் சம்மதிச்சாதான் சிரிப்பை எடுத்து ஒலியை மாத்தலாம்னு பழைய ஒப்பந்தத்துல இருக்கு. வெண்டல் கையெழுத்துப் போட்டுட்டார். நீங்க மட்டும்தான்."

"அப்போ டிவியில தினம் நாலு மணிக்கு வர்றது?"

"அதுவும் மாறிடும். இனிமே எல்லா இடத்துலயும் இதுதான்."

கான்ஸ்டன்ஸ் பேனாவை எடுக்கவில்லை.

"ஒருத்தருக்காவது ஆட்டோகிராஃப் போட்டிருக்காளா இவ? அவ்வளவு திமிர்," என்று சிரித்த வெண்டல், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ரஸல் நினைப்பா, கான்னி? அவன் வர்ற இடம் எதையும் வெட்டலையே."

"தெரியும்."

"உன்கிட்ட பழைய டேப் இருக்கு. வேணுங்கிறப்ப போட்டுப் பாத்துக்கோ."

"அது நான் போட்டாத்தான் ஓடும். நாலு மணிக்குன்னா தானா வருது."

வெண்டல் புரியாமல் அவள் கையைப் பற்றினார். "எனக்குத் தொண்ணூத்தொண்ணு ஆகுது. கோமாளிங்கன்னு எழுதினவங்க, நாம நடிகர்கள்னு ஒரு தடவை எழுதட்டும். அதைப் பாத்துட்டுப் போயிடறேன். எனக்காகப் போடு."

அவர் கை காகிதம்போல லேசாக இருந்தது. அவள் அதை விடவில்லை. இவர் கேட்டு இதுவரை எதையும் மறுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள். திரையில் படம் உறைந்து நின்றது. ரஸல் பாதி திறந்த வாயோடு யாருக்கோ காத்திருப்பதுபோல இருந்தான்.

"எல்லாரும் சிரிச்சு ஓய்ஞ்சப்புறம் ஒருத்தன் மட்டும் தாமதமா சிரிப்பான், கவனிச்சிருக்கீங்களா? கடைசியில ஒரு விக்கல் வரும்."

"ஆமா, ஒரு மடையன். எல்லா எபிசோட்லயும் இருப்பான்."

"என் தம்பி டெடி," என்றாள் கான்ஸ்டன்ஸ். "அந்த ஹாலுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். அதுக்கு நாலாம் நாள் வியட்நாமுக்கு விமானம் ஏறினான். திரும்பி வரல."

வெண்டலின் பிடி தளர்ந்தது. அவள் பேனாவை மூடி, காகிதத்தோடு சேர்த்து மெல்லக் கென்ட்ரா பக்கம் நகர்த்தினாள்.

"எங்களுக்கு அப்பா அம்மா இல்ல. பதினேழு வயசுல பட்டாளத்துல சேர, வீட்டுல பெரியவங்க கையெழுத்து வேணும்னு அவன் ஒரு காகிதம் கொண்டுவந்தான், போட்டேன். அந்த ஒரு கையெழுத்து போதும், வெண்டல்."