கழற்றிக் கொடுத்த தாயத்து

முதுகுவலி மாத்திரையே போதையாகி, என் வீட்டுக்காரருக்கு மூளையில் டோபமின் என்கிற சந்தோஷச் சுரப்பு வற்றிவிட்டதாம். தலையில் காந்தம் வைத்துத் தட்டினால் மறுபடி ஊறுமாம். அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு அலைகிறேன். அந்தக் காந்தத்தை முதலில் என் தலையில்தான் வைக்க வேண்டும். சிகிச்சை அறைக்குள் போகும்போது உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது என்பதால், இந்த மாத்திரைச் சனியன் விடட்டும் என்று நான் கட்டிய தாயத்தைக் கண்ணில் ஒற்றி என்னிடமே கொடுத்துவிட்டுப் போவார். நானும், பைத்தியக்காரி, அதைக் கைக்குள் பொத்தி வேண்டிக்கொண்டிருப்பேன். இன்று அதன் மூடி கழன்று, மடியில் பாதி மாத்திரை விழுந்தது. அறைக்குள் காந்தம் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது.

"இன்னைக்கு அந்த நெனப்பே வரல, செண்பகம்," என்று முகம் மலர்ந்து கையை நீட்டினார். "தாயத்தக் குடு."