சம்பந்தி உற்றுப் பார்த்த சட்டை

"ஏங்க, அந்தப் படத்தைக் கழட்டுங்க! வரப்போற சம்பந்தி லக்கோட்டா ஆளு" என்று லோரீன் பதறினாள்.

"பாவ்னி வீட்ல பாவ்னிக்காரன் படம் தொங்கக் கூடாதா?" வெர்னன் அசையவில்லை. படத்தில் அவனுடைய பூட்டன், மணி கோத்த சட்டையும் துப்பாக்கியுமாக நின்றார். அமெரிக்கப் பழங்குடிகளான பாவ்னிகளும் லக்கோட்டாக்களும் பகையாக இருந்த காலத்தில் லக்கோட்டாக்களோடு சண்டை போட்டவர்.

சம்பந்தி டெல்மர் வந்ததுமே நேராகப் படத்தருகே போய் உற்றுப் பார்த்தார். லோரீன் அவசரமாகச் சோளச் சூப்பை நீட்டினாள்.

"சம்பந்தி, இந்தச் சட்டை..."

"சண்டையில உங்காளுங்ககிட்ட பறிச்சதுன்னு எங்கப்பா சொல்வாரு" என்றான் வெர்னன்.

'போச்சு, கல்யாணம் போச்சு' என்று லோரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

டெல்மர் செல்போனை நீட்டினார். அதில் அவருடைய பூட்டன். அதே சட்டை, அதே துப்பாக்கி, பின்னால் அதே ஸ்டுடியோத் திரை.

"உங்காளுங்ககிட்ட பறிச்சதுன்னுதான் எங்கப்பாவும் சொன்னாரு. ரெண்டு பேருமே போட்டோக்காரன்கிட்டதான் பறிச்சிருக்காங்க, சம்பந்தி!"