நெத்திலியின் அறிக்கை

நடுக்கடலில் மிதவைகளை வரிசையாகக் கட்டி எல்லை போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நெத்திலி காவல், அந்தப் பக்கம் சாளை. இரண்டும் ஆள் ஏறாமல் தாமாகவே ஓடும் காவல் படகுகள். எதைக் கண்டாலும் தத்தம் கரைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. காண்பதற்கு ஒன்றையொன்று தவிர வேறு எதுவும் இல்லை.

"இன்றைக்கு என்னைப் பற்றி என்னடா எழுதினாய்?" என்று கேட்கும் சாளை.

"சந்தேகத்துக்கு உரியது என்று."

"நேற்றும் அதேதானே! 'மிகவும்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் குறைந்தா போய்விடுவாய்?"

ஒருநாள் அறுந்த வலையொன்று சாளையின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இயந்திரம் நின்றுபோனது. நீரோட்டம் அதை மிதவைகளைத் தாண்டி இந்தப் பக்கம் தள்ளிவந்தது. இப்படி வரும் படகு பிடிபட்டால், கரையில் அக்கக்காகப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

"டேய், நான் வேண்டுமென்று வரவில்லை" என்றது சாளை.

"தெரியும். பேசாமல் இரு."

நெத்திலிக்குப் பொய் எழுத வராது. இரண்டு முறை வட்டமடித்து யோசித்தது. பிறகு சாளையின் விலாவில் மூக்கை வைத்து, முட்டி முட்டி எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டது.

"எல்லை தாண்டிய படகை முட்டித் துரத்திவிட்டேன்" என்று கரைக்கு எழுதியது.

கரையில் ஒரே கைதட்டல். நெத்திலியின் நெற்றியில் சிவப்பு நட்சத்திரம் ஒன்று வரைந்தார்கள்.

மூன்றாம் நாள் சாளை காவலுக்குத் திரும்பியது. அதன் நெற்றியிலும் ஒரு நட்சத்திரம்.

"உனக்கு எதற்குடா?"

"எதிரி அத்தனை முட்டு முட்டியும் மூழ்காமல் திரும்பியதற்கு."