நகரச் சொன்னார்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஆபீசில் கத்தரி என்று பேர். காய் இல்லை, கத்தரிக்கோல். யாரோ வாசித்துப் பதிவு பண்ணிய கதைகளில் இருக்கிற இருமல், தடுமாறல், மூச்சு வாங்கல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்துச் சுத்தமாக்கித் தருவது அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்வாள்.

ஹெட்போன் மாட்டி மாட்டிக் காது புண்ணாகிவிட்டது. இனி அதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அண்ணன் கொடுத்த பழைய ஸ்பீக்கர் பெட்டிதான் கதி. அது வாயைத் திறந்தால் தரை அதிரும்.

தரைக்குக் கீழே ஒரு பஸ் டிரைவர், கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு படுத்துக் கிடந்தார்.

ஒரு நாள் வீட்டு ஓனர் படியேறி வந்தார். எதையும் பாதி காதில் வாங்கி, மீதியைத் தானே போட்டுக்கொள்கிற ஆள் அவர்.

"கீழ் வீட்டுல புகார் வந்திருக்கு. உங்களை இந்த இடத்தை விட்டு நகரச் சொல்றார். இன்னொரு தடவை அவர் வாயைத் திறந்தா, வீட்டைக் காலி பண்ணிடுங்க."

தெருச் சத்தம் எட்டாத உள்ளறை வேண்டும் என்று கத்தரி ஏழு மாதம் அலைந்து பிடித்த வீடு. இதை விட்டால் வேலையையும் விட வேண்டியதுதான்.

"தான் நகர முடியாத மனுஷன், நம்மளை நகரச் சொல்றாராக்கும்" என்று புருஷன் பொருமினான். அவளும் தன் பங்குக்கு நாலு வார்த்தை திட்டினாள்.

திட்டிக்கொண்டே பழைய பெட்டியின் வயரைப் பிடுங்கிப்போட்டாள். மறுநாள் காலையில், கையில் இருந்த கொஞ்சப் பணத்தோடு இரண்டு பேரும் கடைக்குப் போனார்கள்.

சேல்ஸ்மேன் முதலில் பெரிய ஜோடியைப் பாட விட்டான். புருஷனின் கால் தானாகத் தாளம் போட்டது. தன் மேஜையும் சின்னது, பர்சும் சின்னது என்று சொல்லி, அவனைச் சின்ன ஸ்பீக்கர்கள் இருந்த அலமாரிப் பக்கம் நகர்த்தினாள் கத்தரி.

பென்டிரைவில் ஒரே ஒரு வரி கொண்டுவந்திருந்தாள். மூன்று நாளாக அவளை மல்லுக்கு இழுத்த வரி. கதை வாசித்த அம்மாள் 'அப்போது கதவைத் திறந்தது...' என்று சொல்லி, சைக்கிள் டியூப் மாதிரி ஒரு மூச்சு விட்டு, 'யார் தெரியுமா?' என்று முடித்திருந்தாள்.

சின்னதில் முதல் ஜோடியில் மூச்சையே காணோம். குரல் தேனாக வழிந்தது. இதையே எடுத்துவிடலாம் என்றான் புருஷன்.

"இது முகஸ்துதி பண்ணுதுங்க. குறையை மறைச்சுட்டா நான் எதை வெட்டறது?"

மூன்றாவது ஜோடி செங்கல் அளவுதான் இருந்தது. அதில் மூச்சு மூச்சாகவே கேட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். இன்னும் குறைக்கச் சொன்னாள். சேல்ஸ்மேன் சிரித்துவிட்டான்.

"எவ்வளவு சத்தம் வரும்னுதான் எல்லாரும் கேப்பாங்கக்கா. எவ்வளவு மெதுவா வரும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

கிசுகிசுக்கிற அளவுக்கு இறக்கியும் அந்த மூச்சு தெளிவாகக் கேட்டது. அதையே வாங்கிவிட்டாள்.

வீட்டில், சுவரை ஒட்டி வைத்தால் 'கும்' என்று எதிரொலிக்கும் என்று ஒரு முழம் முன்னால் தள்ளி, அடியில் தடிமனான ஸ்பாஞ்சு கொடுத்து, இரண்டையும் தன் காதைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மூச்சு அரை மணியில் ஒழிந்தது. மீதிக் கதையும் இரண்டு நாளில் முடிந்தது. புருஷன் கீழே போய்ச் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு வந்து, கொசு பறக்கிற சத்தம்கூட இல்லை என்றான். அப்பாடா என்று இருந்தது.

நாலாம் நாள் படியில் 'டொக், டொக்' என்று சத்தம். கதவைத் திறந்தால், ஊன்றுகோலும் வியர்வையுமாக டிரைவர் நிற்கிறார். மாவுக்கட்டோடு பதினெட்டுப் படி ஏறி வந்து ஒருத்தர் சொல்கிற குறை சின்னதாகவா இருக்கும்? போச்சு, வீடு போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"நாலு நாளா சத்தமே இல்லையேம்மா."

"சின்ன ஸ்பீக்கர் வாங்கிட்டேண்ணே. இனிமே உங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

"அது கிடக்கட்டும். கதவைத் திறந்தது யாரு?"

கத்தரி தான் பிடித்திருந்த கதவைப் பார்த்தாள்.

டிரைவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"படுத்த படுக்கையா அந்தக் கதையை முதல்லேர்ந்து கேட்டுக்கிட்டு வந்தேன்மா. அந்தக் கதவுகிட்ட வந்ததும் வண்டி நின்னுபோச்சு. மூணு நாள், நூறு தடவை. அந்தம்மா மூச்சு வாங்குறது வரைக்கும் எனக்கு மனப்பாடம், ஆள் யாருன்னுதான் தெரியல. அதான் ஓனர்கிட்ட சொன்னேன், அந்தப் பொண்ணு ஒரே இடத்துலயே நிக்குது, அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் நகரச் சொல்லுங்கன்னு. நீங்க என்னடான்னா கதையையே நிறுத்திட்டீங்க."

உள்ளே புருஷன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். கத்தரிக்கு, நழுவிப்போன வீடு மறுபடி காலடியில் வந்து நின்ற மாதிரி இருந்தது. திட்டின நாலு வார்த்தை மட்டும் உறுத்தியது.

"சொல்லிட்டா ருசி போயிடும்ணே. நீங்க இறங்கிப் போய்ப் படுங்க. கட்டில் எங்க கிடக்கு?"

"உங்க மேஜைக்கு நேர் கீழதான்."

புருஷன் அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டு போனான். கத்தரி, அண்ணன் கொடுத்த பழைய பெட்டியை இழுத்து வந்து, மேஜைக்கு அடியில் குப்புறப் படுக்கவைத்து, கதவு திறப்பதற்கு ஒரு வரி முன்னாலிருந்து கதையை ஓடவிட்டாள்.