அரைச் சஹன் சோறு

பெண்கள் பக்கம் வந்த முதல் சஹனைப் பார்த்ததும் றுஸ்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. அதில் பாதிக்குத்தான் பிரியாணி. மீதிப் பாதியில் அவித்த கடலையும் வெள்ளரிக்காயும் கரட்டும் குவிந்து கிடந்தன.

அவளுடைய புதுவீட்டு விருந்து. கல்முனையில் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இப்படியா?

"இது ஆர் பார்த்த வேலை?"

பதில் வரமுதலே விடை தெரிந்துவிட்டது. பந்தலின் நடுவில் அபாயாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றாள் அப்னா. றுஸ்தாவின் தம்பி சப்ரியின் மனைவி. இரண்டு வருசத்துக்கு முன் வாசலை அடைத்துக்கொண்டு வந்தவள், இப்போது சின்னப் பெட்டை மாதிரி.

"மெலியிறது லேசு. ஆரும் மெலியலாம்," என்றாள் அப்னா, எல்லாருக்கும் கேட்கும்படி. "மெலிஞ்ச உடம்ப அப்படியே வெச்சிருக்கிறதுதான் பாடு. நான் வெச்சிருக்கன். எப்படியெண்டு சொல்லவா?"

"சொல்லுங்க புள்ள!" பெண்கள் சிரித்தார்கள்.

"முதல்ல கடலையும் மரக்கறியும். பிறகு இறைச்சி. கடைசியிலதான் சோறு. வெறுஞ்சோத்த முதல்ல அள்ளிப் போட்டா ரத்தத்துல சீனி சட்டெண்டு ஏறும், சட்டெண்டு இறங்கும். இறங்கினா என்ன செய்வம்? பிஸ்கட் டின்னத் தேடுவம். இப்படிச் சாப்பிட்டா மெல்லத்தான் ஏறும், பசியும் சுணங்கித்தான் வரும். பட்டினி கிடக்கத் தேவையே இல்ல."

றுஸ்தாவோடு படிப்பிக்கிற செல்லத்தங்கம் டீச்சர் காரைதீவிலிருந்து வந்திருந்தார். "எனக்குச் சீனி வருத்தம் பிள்ளை. அப்ப பிரியாணிய முழுசா விடணுமோ?"

"ஆர் சொன்ன, டீச்சர்? கடலைக்குப் பிறகு ஒரு பிடி. ருசிச்சு, மெதுவாச் சாப்பிடுங்க."

டீச்சர் கடலையை அள்ளினார். சுற்றியிருந்தவர்களும் அள்ளினார்கள்.

றுஸ்தாவின் மாப்பிள்ளைட ராத்தா, புருசனின் அக்கா, ஒலுவிலிலிருந்து வந்திருந்தா. அவ மட்டும் சஹனை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன றுஸ்தா, வீட்டக் கட்டினதுல அரிசிக்குத் தட்டுப்பாடா?" என்றா.

அந்த ஒரு கேள்வி போதும். றுஸ்தா அப்னாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனாள்.

"என்ட விருந்துலதானா உன்ட டயட் வகுப்பு? வந்த சனம் என்ன நினைக்கும்? உடம்பு வடிவா இருக்கெண்டு காட்ட உனக்கு வேற இடம் கிடைக்கல்லியா?"

அப்னாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க மதினி. பந்தி முடியட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பவும் பந்தலுக்குப் போய்விட்டாள். குரல் முந்தியதைவிடப் பலமாகக் கேட்டது.

பின்வாசலால் சப்ரி வந்தான். கையில் இன்னொரு சட்டி நிறைய அவித்த கடலை.

"நீயுமாடா? பொண்டாட்டி ஆட்டினபடி ஆடுறியா?"

"பிறகு கதைப்பம் ராத்தா," என்று முகத்தைப் பார்க்காமலே நழுவினான்.

ஆண்கள் பக்கம் பந்தி நல்லபடியாக நடந்தது. சஹன்கள் நிறைந்து போய், வழித்துத் துடைத்தபடி திரும்பி வந்தன. பெண்கள் பக்கமும் ஒலுவில் ராத்தாவைத் தவிர ஆரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. செல்லத்தங்கம் டீச்சர் போகும்போது அப்னாவை விடவே இல்லை. "ஒருநாள் வீட்ட வா பிள்ளை. ஒழுங்காச் சொல்லித் தா," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அதைப் பார்க்க றுஸ்தாவுக்கு இன்னும் எரிந்தது. என்ட சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இவட வகுப்பைத்தான் எல்லாரும் மெச்சுகிறார்கள்!

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது கடைசி விருந்தாளியும் போய்விட்டார். இண்டைக்கு ரெண்டில ஒண்டு கேட்காமல் விடுவதில்லை என்று றுஸ்தா பின்வளவுக்கு நடந்தாள்.

சமையல் கொட்டிலின் வாசலில் அபூசாலி காக்கா மறித்தார். ஊரின் பெரிய கலியாணங்களுக்கெல்லாம் பிரியாணி ஆக்குகிற மனுசன். இப்போது தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி. என்ட பிழைதான்."

"என்ன பிழை காக்கா?"

அவர் மூலையில் மூடிக் கிடந்த பெரிய கிடாரத்தின் மூடியைத் தூக்கினார். தீய்ந்த மணம் மூக்கில் அடித்தது. சோறெல்லாம் கருகிப்போய்க் கிடந்தது.

"அடிப்பிடிச்சிட்டு. சனம் வந்து குந்திட்டாங்க, திரும்ப ஆக்க நேரமில்ல. உங்களுக்கிட்டச் சொல்லத்தான் ஓடி வந்தன். உங்கட தம்பிட பொஞ்சாதிதான் மறிச்ச. 'புதுவீட்டுல மதினி சிரிச்சிட்டு நிக்கிறா, அவட காதுல இதப் போட வேணாம். பொம்புளைகள் பக்கம் பாதிச் சோறு வைங்க, மிச்சத்த நான் கதைச்சுச் சமாளிக்கிறன்' எண்டு சொன்ன. அவிச்ச கடலை வாங்கவும் அவதான் கடைக்கு ஆளனுப்பின."

றுஸ்தா மூடியை வாங்கிக் கிடாரத்தைத் திரும்ப மூடினாள்.

கிணற்றடியில் அப்னா சஹன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். றுஸ்தா போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஏச வந்தவளுக்கு ஒரு கேள்விதான் வந்தது.

"நீ சாப்பிட்டியா புள்ள?"

அப்னா முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்கயும் ஒரு பிடி மிஞ்சியிருந்தாத் தாங்க மதினி. உங்கட பிரியாணிய வயிறாரத் திங்கணும் எண்டுதான் இந்தக் கிழமை முழுக்க நான் வாயக் கட்டினன்."